பட்டாளத்துக்காரன் பச்சை குத்துவதாக இருந்தால்: லீவின் முதல் வாரத்திலேயே குத்து

லீவு முடிந்து யூனிட்டுக்குத் திரும்பும் பையன்களில் யார் ஊரில் டாட்டூ குத்திக்கொண்டு வந்திருக்கிறான் என்பது எம்.ஐ. ரூமில், அதாவது யூனிட்டின் மருத்துவ அறையில் இருந்த எங்களுக்குச் சட்டையைக் கழற்றச் சொல்லாமலே தெரிந்துவிடும். ஒரு கையை மடக்காமல் விறைப்பாகத் தொங்கவிட்டுக்கொண்டு வருவான். இரண்டு ராத்திரி ஸ்லீப்பர் கோச்சில் வந்த தூசியும் வியர்வையும், குத்தி நாலே நாளான புண்ணில் ஒட்டிக் கிடக்கும். மறுநாள் காலையில் பி.டி., அதற்கு மறுநாள் முழங்கையால் மண்ணில் ஊர்ந்து போகிற பயிற்சி. நர்சிங் அசிஸ்டென்டாக இருந்த காலத்தில் இந்தக் கையை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

குத்தாமல் இருப்பதுதான் நல்லது என்பது என் கட்சி. ஆனால் ஊரில் இப்போது பட்டாளத்தில் சேருவதற்காகக் காலையில் மைதானத்தில் ஓட வருகிற பையன்களில் பாதிப் பேர் எங்கே குத்தலாம் என்றுதான் கேட்கிறார்கள், குத்தலாமா என்று யாரும் கேட்பதில்லை. சரி, அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் இடம். இந்திய ராணுவத்தில் சேர வேண்டுமென்றால் நிரந்தரப் பச்சை இருக்கக்கூடிய இடம் முன்னங்கையின் உட்பக்கம், அதாவது முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரை, அப்புறம் புறங்கை. அவ்வளவுதான். நெஞ்சில் அம்மா பேர், புஜத்தில் சிங்கம், கழுத்தில் இறக்கை என்று எது இருந்தாலும் மெடிக்கலில், அதாவது மருத்துவப் பரிசோதனையில் வெளியே அனுப்பிவிடுவார்கள், ஓட்டத்தில் நீ முதல் ஆளாக வந்திருந்தாலும் சரி. பழங்குடியினருக்கு அவர்கள் வழக்கத்தை ஒட்டித் தளர்வு உண்டு. சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற துணை ராணுவப் படைகளுக்குப் போகிறவன் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சல்யூட் அடிக்காத இடது முன்னங்கையின் உட்பக்கமும் புறங்கையும்தான் அங்கே அனுமதி, அதுவும் அந்தப் பகுதியில் கால்வாசிக்குக் குறைவாக.

இரண்டாவது நேரம். பச்சை குத்துவது என்றால் ஆயிரக்கணக்கான ஊசிக் குத்துகளால் ஆன ஒரு புண், அதை அலங்காரமாக நினைப்பதால்தான் கட்டுப் போட்ட காயத்துக்குக் கொடுக்கிற மரியாதையை யாரும் அதற்குக் கொடுப்பதில்லை. மேல்தோல் மூடவே இரண்டு, மூன்று வாரம் ஆகும். அதுவரை நீச்சல் கிடையாது, கிணறு, ஆறு, கடல் எதுவும் கிடையாது, வெயில் நேராகப் படக்கூடாது, பொருக்கை நகத்தால் எடுக்கக்கூடாது. நம் ஆள் என்ன செய்கிறான் என்றால், அறுபது நாள் லீவில் ஐம்பத்தைந்து நாள் கல்யாணம், திருவிழா என்று சுற்றிவிட்டுக் கடைசி வாரத்தில் கூட்டாளிகளோடு போய்க் குத்திக்கொள்கிறான். லீவு தொடங்கின முதல் வாரத்தில் குத்திக்கொண்டால் புண் அம்மா கைச் சோற்றிலேயே ஆறிவிடும். செலவே இல்லாத யோசனை, ஆனாலும் கேட்பவன் குறைவு.

மூன்றாவது கடை. ஒரு திருவிழாக் கடையில் பக்கத்தில் நின்று பார்த்தேன். பேட்டரியில் ஓடுகிற மெஷின், ஒரே ஊசி, சோடா மூடி அளவுக்கு ஒரு கிண்ணத்தில் மை. ஒருத்தன் கையிலிருந்து எடுத்த ஊசியைத் துணியில் துடைத்து அதே மையில் முக்கி அடுத்தவன் கையில் வைத்தார் கடைக்காரர். ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. மூன்றும் பரவ இது போதும். ஊசியை உன் கண் முன்னால் உறை பிரிக்கச் சொல், மையை உனக்கென்று புதுக் கிண்ணத்தில் ஊற்றச் சொல், கையுறை புதிதா என்று பார். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடு. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டு முடித்துவிட்டுப் போ. சி-க்குத் தடுப்பூசி கிடையாது. அப்புறம், குத்தின பிறகு ஒரு வருஷம் ரத்தம் கொடுக்க முடியாது என்பதும் ஞாபகம் இருக்கட்டும், பட்டாளத்தில் அது சின்ன விஷயமல்ல.

ஊசி புதிது என்றால் பயமில்லை என்று நினைக்கிறார்கள். எனக்கு ஊசியைவிட மைதான் கவலை. 2011-12ல் அமெரிக்காவில் ரோசெஸ்டர் நகரத்தில் ஒரே கடையில் குத்திக்கொண்ட 19 பேருக்குத் தோலில் தொற்று வந்தது. கடையில் குறை இல்லை, சாம்பல் நிறம் வருவதற்காகக் கலந்து விற்ற மையிலேயே கிருமி இருந்தது. 2024ல் அமெரிக்க மருந்துத் துறை ஆய்வாளர்கள் சீல் பிரிக்காத 75 மைகளைச் சோதித்ததில் 26ல் பாக்டீரியா இருந்தது, அவற்றில் சில கிருமி நீக்கப்பட்டது என்று லேபிள் ஒட்டியவை. ரோசெஸ்டரில் வந்த வகைத் தொற்று உடனே வராது. ஆறிவிட்டது என்று நினைத்த பிறகு, குத்தின கோட்டின் மேலேயே சின்னச் சின்ன முண்டுகளாக வரும், வழக்கமான ஆன்டிபயாடிக் கேட்காது, மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டி வரும்.

நிறங்களில் சிவப்புதான் அதிகம் வம்பு செய்கிறது. அரிப்பும் தடிப்பும் குத்தி சில வருஷம் கழித்துக்கூடக் கிளம்பலாம். கறுப்பு மையின் கரியில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சேர்மங்கள் கலந்திருக்கலாம். 2022 ஜனவரியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் மையில் சேர்க்கக்கூடிய ஆயிரக்கணக்கான ரசாயனங்களுக்குக் கட்டுப்பாடு போட்டது இதற்காகத்தான். மை குத்தின இடத்திலேயே முழுதாக இருப்பதும் இல்லை. கொஞ்சம் அக்குள் நெறிக்கட்டி வரைக்கும் போய் அங்கே தங்கிவிடும். 2024ல் ஸ்வீடனில் நடந்த ஆய்வில் பச்சை குத்தியவர்களுக்கு நிணநீர்ப் புற்றுநோய் அபாயம் 21 சதவீதம் அதிகம் என்று வந்தது. ஆனால் பெரிய பச்சைக்கு அதிகம், சின்னதுக்குக் குறைவு என்கிற தொடர்பு அதில் தெரியவில்லை, அதனால் இதைச் சொல்லி நான் யாரையும் பயமுறுத்துவதில்லை. எனக்கு உறுத்துவது வேறொன்று: பச்சை குத்தின தோலில் வியர்வை பாதி அளவுக்குக் குறைந்ததாக 2017ல் பத்துப் பேரை வைத்துச் செய்த ஒரு சின்ன ஆய்வு சொன்னது. ராஜஸ்தான் வெயிலில் நிற்கப் போகிறவன் கை முழுக்க நிரப்புவதற்கு முன் இதை யோசிக்கலாம். உள்ளங்கை அளவுக்கு ஒன்று என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை.

குடும்பத்தில் யாருக்காவது சோரியாசிஸ், வெண்புள்ளி இருந்தாலோ, உனக்கே காயம் பட்டால் தழும்பு தடித்து வளர்கிற உடம்பு என்றாலோ, கடைப் பக்கமே போகாதே. ஊசி பட்ட இடத்திலேயே அவை கிளம்பலாம், மெடிக்கலில் அதுவே தனிக் கேள்வியாகும்.

குத்தின பிறகு சீழ், காய்ச்சல், அல்லது கையிலிருந்து அக்குளை நோக்கி சிவப்புக் கோடு ஓடினால் அன்றைக்கே எம்.ஐ. ரூமுக்குப் போ. உடல் தகுதி குறைந்தவன் என்று லோ மெடிக்கல் கேட்டகரியில் போட்டுவிடுவார்களோ என்று பயந்து மருந்துக் கடையில் ஸ்டீராய்டு களிம்பு வாங்கித் தடவுகிறவர்கள்தான் கடைசியில் ஆஸ்பத்திரியில் படுக்கிறார்கள். கிருமி இருக்கிற புண்ணில் அந்தக் களிம்பு கிருமிக்குத்தான் சௌகரியம்.

ஏற்கெனவே தப்பான இடத்தில் குத்திவிட்டவன் லேசருக்குத் தோல் டாக்டரிடம் போகலாம். நம் நிறத்துக்கு 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர்தான் பாதுகாப்பானது, அதிலும் கறுப்பு மை நன்றாகப் போகும், பச்சை நிறமும் நீலமும் அடம் பிடிக்கும். ஆறு முதல் எட்டு முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஆறேழு வாரம் என்றால் ஏழு மாதத்திலிருந்து ஏறக்குறைய ஒரு வருஷம் வரை. ஆள்சேர்ப்பு ரேலிக்கு ஒரு மாதம் முன்னால் வந்து கேட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அப்படிக் கேட்டுவிட்டுப் போன ஒரு பையன் யாரோ சொன்னார்கள் என்று முந்திரிக் கொட்டையின் ஓட்டிலிருந்து எடுத்த எண்ணெயை, நெஞ்சில் குத்தியிருந்த ஒரு பெண்ணின் பேர் மேல் தடவிவிட்டான். கொப்புளம் உடைந்து ஆறின பிறகு வந்து காட்டினான். மை போயிருந்தது, ஆனால் அந்தப் பெண்ணின் பேர் நாலு எழுத்தும் தடித்த தழும்பாக எழும்பி நின்றது, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே படித்துவிடலாம்.