ஆசை காட்டினார்கள், ஆனால் போகவில்லை: ‘என்டைஸ்’ படுத்தும் பாடு

போன மாதம் தெரிந்தவர் ஒருவர், காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டிய புகாரைக் கொண்டுவந்து ஆங்கிலத்தை மட்டும் பார்த்துத் தரச் சொன்னார். வழக்கமான கதைதான். ஒரு நிதி நிறுவனம், லட்சத்துக்கு மாதம் ஐயாயிரம் வட்டி என்ற பேச்சு, பிறகு பூட்டிய கதவு. அவருடைய தமிழ் பளிச்சென்று இருந்தது: “எனக்கு ஆசை காட்டினார்கள். நான் பணம் கட்டவில்லை. என் மைத்துனர் கட்டி ஏமாந்தார்.” அதுவே ஆங்கிலத்தில் இப்படி ஆகியிருந்தது: “தே என்டைஸ்ட் டு மீ பை ஹை இன்டரஸ்ட், பட் ஐ டிட் நாட் பே.”

ஒரே வரியில் மூன்று தவறு. இரண்டு இலக்கணத் தவறு, சிவப்பு மையில் சரிசெய்துவிடலாம். மூன்றாவது அர்த்தத்தையே கவிழ்ப்பது.

முதலில் அந்த ‘டு’. அது எங்கிருந்து வந்தது என்று தமிழருக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாம் ‘எனக்கு’ ஆசை காட்டினான் என்கிறோம். நான்காம் வேற்றுமை. அந்தக் ‘கு’வைத் தூக்கிக்கொண்டு ஆங்கிலத்துக்குப் போனால் அது ‘டு மீ’ ஆகிவிடுகிறது. ஆனால் ஆசை காட்டி இழுப்பதைச் சொல்லும் ‘என்டைஸ்’ (entice) கேட்பது இரண்டாம் வேற்றுமை. ‘என்னை’ இழுத்தான், ‘என்னை’ மயக்கினான் என்பது போல. ஆகவே ‘என்டைஸ்ட் மீ’, அவ்வளவுதான். ‘டு’ வரக்கூடாது என்றில்லை. ஆளுக்கு முன்னால் வராமல், ஆளுக்குப் பிறகு, அவரை என்ன செய்யவைத்தார்கள் என்று சொல்லும் இடத்தில் வரும்: ‘என்டைஸ்ட் ஹிம் டு இன்வெஸ்ட்’. ‘இன்டு’ போட்டால் வினைக்கு ‘இங்’ சேர வேண்டும்: ‘என்டைஸ்ட் ஹிம் இன்டு இன்வெஸ்டிங்’. இரண்டையும் கலந்து ‘இன்டு இன்வெஸ்ட்’ என்று எழுதுகிறவர்கள் ஏராளம்.

இரண்டாவது, ‘பை’. எதைக் காட்டி இழுத்தார்களோ அந்தப் பொருளுக்கு ‘வித்’ போடுங்கள்: ‘வித் ஹை இன்டரஸ்ட்’. காட்டிய செயலைச் சொல்வதானால் ‘பை’ சரி: ‘பை ஆஃபரிங் ஹை இன்டரஸ்ட்’. வலைக்குள் வைத்த தீனிக்கு ‘வித்’, வலை விரித்த வேலைக்கு ‘பை’ என்று நினைவு வைத்துக்கொள்ளலாம்.

சரி, மூன்றாவதற்கு வருவோம். தமிழில் ‘ஆசை காட்டினார்கள்’ என்றால் காட்டினார்கள், அவ்வளவுதான். மசிந்தோமா இல்லையா என்பதை அடுத்த வாக்கியம் சொல்லும். ‘என்டைஸ்’ அப்படி நடுவழியில் நிற்கிற சொல் இல்லை. ‘தே என்டைஸ்ட் ஹிம் டு ஜாயின்’ என்று படித்ததும் ஆங்கிலக்காரர் மனதில் அந்த ஆள் போய்ச் சேர்ந்தாகிவிட்டது. அதன் பின்னால் ‘பட் ஹி டிட் நாட்’ என்று எழுதினால், ‘அவனைச் சம்மதிக்க வைத்தார்கள், ஆனால் அவன் சம்மதிக்கவில்லை’ என்பது போல இடிக்கும். மனுவை வாங்கிப் படிக்கிற அதிகாரி, இவர் பணம் கட்டினாரா இல்லையா என்று தலையைச் சொறிவார். காட்டினார்கள், ஆனால் நான் போகவில்லை என்பதற்கு ‘ட்ரைட் டு என்டைஸ்’ என்று எழுத வேண்டும். அந்த ஒரு ‘ட்ரைட்’ இல்லாமல் எத்தனையோ மனுக்கள் தலைகீழாக நிற்கின்றன.

இங்கேதான் ‘டெம்ப்ட்’ வேறு வழியில் போகிறது. ‘ஐ வாஸ் டெம்ப்டட்’ என்றால் ஆசை வந்தது, சபலம் தட்டியது என்று மட்டும்தான் அர்த்தம். விழுந்தேனா என்று கேட்டால் இன்னும் பதில் இல்லை. அதனால்தான் ‘டெம்ப்டட், பட்...’ என்று ஆங்கிலத்தில் வாக்கியங்கள் கொட்டிக் கிடக்கின்றன. அந்தச் சொல்லின் லத்தீன் மூலத்துக்குத் தொட்டுப் பார்ப்பது, சோதித்துப் பார்ப்பது என்று பொருள். தமிழ்க் கிறித்தவர்கள் ஜெபத்தில் அந்த இடத்தில் ‘சோதனை’ என்றே சொல்கிறார்கள். சோதனையில் தேறுவதும் உண்டு, தோற்பதும் உண்டு. ஆக, நம்முடைய ‘ஆசை காட்டு’க்கு நெருக்கமான உறவு ‘டெம்ப்ட்’தான். அகராதிகளில் இரண்டுக்கும் ‘ஆசைகாட்டு’ என்று ஒரே பொருளைப் போட்டுவிடுவதால் வருகிற வினை இது.

நம் நாளிதழ்களின் குற்றச்செய்திப் பக்கத்தில் ‘ஆசை வார்த்தை கூறி அழைத்துச் சென்றார்’ என்று ஒரு வாய்பாடு உண்டு. இதை ஒருவர் ‘டிசையர் வேர்ட்ஸ்’ என்று மொழிபெயர்த்திருந்ததைப் பார்த்து நான் தேநீரைக் கீழே வைத்துவிட்டேன். அங்கே வர வேண்டிய சொல் சாட்சாத் ‘என்டைஸ்’. சட்டத்திலேயே அந்தச் சொல்தான் இருக்கிறது. சட்டப்பூர்வக் காப்பாளரிடமிருந்து குழந்தையை ‘டேக்ஸ் ஆர் என்டைசஸ்’ என்று பழைய இந்திய தண்டனைச் சட்டம் 361-ஆம் பிரிவில் இருந்தது. அதன் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 137-ஆம் பிரிவிலும் அது அப்படியே தொடர்கிறது. கையைப் பிடித்துக் கூட்டிப்போவது முதல் சொல். ஆசை மூட்டித் தானாக நடந்துவரச் செய்வது இரண்டாவது. 1973-இல் குஜராத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தச் சொல்லை எடுத்து விளக்கியது. இன்னொருவர் மனதில் நம்பிக்கையையோ ஆசையையோ கிளப்பி இணங்கச் செய்வது அது என்றது. உடனே வேலை செய்யலாம், அல்லது கண்ணுக்குத் தெரியாமல் மெல்ல மெல்ல ஊறிக் கடைசியில் காரியத்தை முடிக்கலாம் என்றும் சொன்னது. காரியம் முடிவது வரை போகிறது பாருங்கள்.

ஆனால் பண மோசடிப் பிரிவில் சட்டம் இந்தச் சொல்லைத் தொடுவதில்லை. அங்கே ‘இன்ட்யூஸ்’ என்று இருக்கும். ஏமாற்றி, நேர்மையில்லாமல், ஒருவரைப் பணம் கொடுக்கச் செய்வது. இனிப்பு இருந்ததா என்று அது கேட்பதில்லை. வக்கீல் வரைவில் ‘இன்ட்யூஸ்’ இருந்தால் அழகுக்காக அதை மாற்றிவிடாதீர்கள்.

இன்னொரு குழி, ‘தூண்டு’ என்ற நம் சொல். கலவரத்தைத் தூண்டினார் என்றால் ‘இன்சைட்’. தற்கொலைக்குத் தூண்டியதாக வழக்கு என்றால் சட்ட மொழியில் ‘அபெட்’. வாங்கத் தூண்டும் விளம்பரம் என்றால்தான் ‘என்டைஸ்’. கலவரத்துக்கு ‘என்டைஸ்’ போட்டால், கூட்டத்துக்கு மிட்டாய் நீட்டிக் கூப்பிட்டது போல ஆகிவிடும். ஒலியும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் ‘என்டைஸ்’, ‘இன்சைட்’ இரண்டும் அவசரத்தில் இடம் மாறிவிடுகின்றன. வேடிக்கை என்னவென்றால், ‘என்டைஸ்’ பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல், அதன் வேர் லத்தீனில் கொள்ளிக்கட்டையைக் குறிக்கும் சொல் என்கிறார்கள். நெருப்பைக் கிளறிவிடுவது. நம் வீடுகளில் விளக்குத் திரியை நிமிண்டிவிட ஒரு தூண்டுகோல் இருந்ததே, அதேதான்.

இரை காட்டி இழுப்பதைச் சொல்லும் ‘லூர்’ பற்றிச் சொல்லவே வேண்டாம், அதிலேயே பொறி இருக்கிறது. ஐரோப்பாவில் வல்லூறு பழக்குகிறவர்கள் இறகுக் கட்டில் இறைச்சித் துண்டைச் செருகிச் சுழற்றிப் பறவையைத் திரும்ப வரவழைப்பார்கள். அந்தக் கட்டுக்குத்தான் முதலில் அந்தப் பெயர். இன்றும் அந்தச் சொல்லில் வேட்டை வாசனை போகவில்லை. அதனால் உங்கள் கடைக்கு வாடிக்கையாளரை ‘லூர்’ செய்வதாக நீங்களே விளம்பரத்தில் எழுதாதீர்கள். ‘என்டைஸ்’ அந்த அளவு மோசமில்லை. வறுத்த காபிக்கொட்டை வாசனையை ‘என்டைசிங்’ என்று தாராளமாகச் சொல்லலாம். போட்டி நிறுவனத்திலிருந்து நல்ல ஊழியரை இழுத்துக்கொண்டால் ‘என்டைஸ்ட் அவே’. காம மயக்கத்தைச் சொல்லும் ‘செட்யூஸ்’ பக்கம் மட்டும் அலுவலகக் கடிதத்தில் போகவே போகாதீர்கள். ‘வசீகரமான பேச்சு’ என்று நினைத்து எழுதுவீர்கள், படிக்கிறவர் வேறு எங்கோ போய்விடுவார். கூட வேலை செய்யும் பெண்ணை ‘அல்யூரிங்’ (மயக்குகிறவர்) என்று பாராட்டுவதும் அதே வம்பு.

எழுத்துக்கூட்டில் ஒரு சின்ன விஷயம்: ‘டைஸ்’ என்று ஒலிக்கிறதே என்று கடைசியில் ‘எஸ்’ போடாதீர்கள், அது ‘சி’.

அந்தப் புகாருக்கு வருகிறேன். கடைசியில் அது இப்படி ஆனது: ‘தே ட்ரைட் டு என்டைஸ் மீ வித் ஹை இன்டரஸ்ட். ஐ ரெஃப்யூஸ்ட். தே என்டைஸ்ட் மை பிரதர்-இன்-லா இன்டு இன்வெஸ்டிங்.’ அவர் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, “எனக்கு மட்டும் ‘ட்ரைட்’ போட்டிருக்கீங்க சார், மச்சானுக்குப் போடலையே?” என்று கேட்டார்.

“அவர்தான் கட்டிட்டாரே அண்ணே” என்றேன்.