அடிக்கட்டையை தரையோட அறுக்குறதா, அரைச்சி எடுக்குறதா? இலங்கை மலைநாட்டுக்காரங்களுக்கு ஒரு செய்முறை

மரம் சாய்க்கிற அன்னைக்கு லயமே, அதான் தோட்டத்து வரிசை வீட்டு சனமே, கூடி நிக்கும், கயிறு இழுக்க ஆளு, சத்தம் போட ஆளு, கொப்பு பொறுக்க ஆளு. வெறகு பங்கு போட்டு முடிஞ்ச பிறகு பாத்தா முழங்கால் ஒசரத்துக்கு ஒரு அடிக்கட்டை மட்டும் நிக்கும், அதை பாக்க ஒருத்தரும் வர மாட்டாங்க. அதை தரையோட அறுத்தா போதுமா, மெஷின் போட்டு அரைச்சி எடுக்கணுமான்னு நெறைய பேர் கேக்குறதால, புதுசா செய்யிறவங்களுக்கு வெளங்குற மாதிரி எழுதுறேன்.

என்னோட முடிவை மொதல்லயே சொல்லிடுறேன். சரிவுல நிக்கிற கட்டைன்னா தரையோட அறுத்துட்டு வேரை மண்ணுலயே விடுங்க. அரைக்கிறது, தோண்டுறது எல்லாம் சமதரைக்குத்தான், அதுவும் அந்த எடத்துல ஏதாச்சும் கட்டவோ நடவோ போறீங்கன்னா மட்டும்.

இது பட்டு தெரிஞ்சிக்கிட்டது. எங்க வீட்டுக்கு பின்னுக்கு மண்மேட்டுல ஒரு சவுக்கு கட்டை இருந்திச்சி, தேயிலைக்கு நெழலுக்கு வைப்பாங்களே, கிரவிலியான்னும் சொல்லுவாங்க, அதுதான். பக்கத்துல ரோட்டு வேலைக்கு வந்த பெக்கோ மெஷினை கூப்பிட்டு காசு குடுத்து புடுங்கிட்டோம், பத்து நிமிஷ வேலை. குழியை எட்டிப்பாத்த அம்மா, "என்னடா, தேங்காயும் மாசியும் ஒண்ணையும் காணோம்"னு சிரிச்சாங்க. இந்தியாவுல இருந்து தோட்டத்துக்கு ஆள் புடிச்ச காலத்துல, ஆள் சேத்த கங்காணிமார் அப்படித்தானே சொல்லி கூட்டிட்டு வந்தாங்களாம், தேயிலை தூரை தோண்டுனா தேங்காயும் மாசிக்கருவாடும் கெடைக்கும்னு. தேங்காய் கெடைக்கல, ஒக்டோபர் மழைக்கு ஒரு ராத்திரி அந்த குழியில போட்ட பொலபொல மண்ணு மொத்தமா கரைஞ்சி குசினி கதவுக்கு கீழால உள்ளுக்கு வந்திச்சி. அடுப்புக்கல்லு முழுக்க சேறு, விடிய விடிய வாளியில அள்ளி ஊத்துனோம்.

வேர்னா கம்பி வலை மாதிரி, மரம் செத்தாலும் உடனே விட்டுடாது. மெல்லிய வேர் மொதல்ல உக்கும், தடிச்ச வேர் இன்னும் சில வருஷம் மண்ணை புடிச்சிக்கிட்டு இருக்கும். அதுக்குள்ள பக்கத்துல வெட்டிவேரோ வேற செடியோ நட்டு அது வேர் விட்டுடணும். மேட்டுல ஏற்கனவே வெடிப்பு இருக்கு, சுவர் பிளந்திருக்குன்னா கட்டையில கையே வைக்காதீங்க, மொதல்ல கிராம சேவகர் மூலமா, மண்சரிவு ஆபத்தை பாக்குற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு சொல்லி பாக்க சொல்லுங்க. 2014 ஒக்டோபர்ல மண்சரிவு லயத்தையே மூடுன மீரியபெத்தையை பாத்த சனத்துக்கு இதை நான் சொல்லிக்குடுக்க தேவையில்ல.

சரி, வேலைக்கு வருவோம்.

மொதல்ல, யார் மரம், என்ன மரம்

லயத்து பின்னுக்கு நின்னாலும் அது தோட்டத்து மரம்னா நிர்வாகத்துக்கிட்ட கேட்டுட்டுத்தான் வெட்டணும். பலான்னா சொந்த காணியில இருந்தாலும் பெர்மிட் வேணும், 1951லேயே சட்டம் வந்திடுச்சி. அடுத்தது கட்டை தளிர்க்குமா இல்லையான்னு பாருங்க. பைனஸும் சைப்ரஸும் அறுத்தா அதோட சரி. யூகலிப்டஸ் அப்படி இல்ல, ரெண்டு மூணு மாசத்துல கட்டையை சுத்தி கொத்துக்கொத்தா தளிர் வரும். வெறகுக்கு வேணும்னா அது நல்லதுதான், கட்டையை நாலஞ்சி அங்குலம் விட்டு, மேல தண்ணி தேங்காம கொஞ்சம் சரிச்சி அறுத்து, வர்ற தளிர்ல நல்லதா ரெண்டு மூணை மட்டும் விட்டுட்டு மத்ததை ஒடிச்சிடுங்க. இந்த ஒசர கணக்கு வெறகுக்கு வைக்கிறவங்களுக்கு மட்டும்.

மண்ணை ஒதுக்குங்க

இந்த எடத்துலதான் எல்லாரும் அவசரப்படுவாங்க. தரையோட அறுக்குறதுன்னா செயின் சோ மண்ணுக்கு பக்கத்துல ஓடப்போகுது, ஒரு சின்ன கல்லு பட்டா போதும், பல்லு போயிடும். மம்பட்டியால கட்டையை சுத்தி ஒரு முழம் அகலத்துக்கு மண்ணை எடுத்து, வேருக்கு நடுவுல மாட்டியிருக்கிற கல்லை அலவாங்கால கெளப்பி, கடைசியா பழைய தும்புத்தடியால பட்டையை தேய்ச்சி கழுவுங்க. பட்டை வெடிப்புக்குள்ள இருக்கிற மணல்தான் எமன், கண்ணுக்கு தெரியாது. பட்டையையே கோடாரியால சீவி விட்டா இன்னும் நல்லது. தண்ணி ஹோஸ் ஏதும் அந்த பக்கமா போகுதான்னும் பாத்துக்கோங்க.

அறுக்குறது

பூட்ஸ், கண்ணாடி, காதுக்கு அடைப்பு. செருப்போட நின்னு செயின் சோ புடிக்கிறவங்களுக்கு நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல, இதோட படிக்கிறதை நிப்பாட்டிடுங்க. சரிவுல மேல் பக்கமா நில்லுங்க. தரையில இருந்து ரெண்டு மூணு அங்குலத்துல ஒரு கோடு போட்டு, மெஷினோட வாளை (செயின் சுத்துற நீட்டு தகடு) படுக்க வச்சி ஒரு பக்கமா உள்ளுக்கு விட்டு, கட்டை பெருசா இருந்தா அடுத்த பக்கமா வந்து சேருங்க. பாதி போனதும் பின்னால மர ஆப்போ பிளாஸ்டிக் ஆப்போ அடிங்க, இல்லன்னா கட்டையோட பாரம் வாளை புடிச்சிக்கும். இரும்பு ஆப்பு வேணாம். வாளோட நுனி மேல்பக்கம் எதுலயும் முட்டக்கூடாது, முட்டுனா மெஷின் மொகத்துக்கு நேரா எகிறும்.

கீழ விழுற தூளை பாத்துக்கிட்டே இருங்க. செதில் செதிலா விழுந்தா செயின் நல்லா இருக்கு, மா மாதிரி பொடியா கொட்ட ஆரம்பிச்சா மழுங்கிடுச்சி. அமத்தி அறுக்காதீங்க, நிப்பாட்டி அரம் போடுங்க.

தளிரை நிப்பாட்டுறது

தளிர் வேணாம்னா கறுப்பு பொலித்தீனை ரெண்டு மடிப்பா போட்டு கட்டையை மூடி, ஓரத்துல மண்ணை ஏத்தி விடுங்க, அதையும் மீறி வர்றதை விரல் அளவா இருக்கும்போதே பிச்சி எடுங்க. தளிரை கொல்ல களைக்கொல்லி மருந்து பூசுறவங்க அறுத்த சூட்டோட, பட்டைக்கு உள்பக்கத்து வளையத்துலதான் பூசணும், நடுவுல பூசி பிரயோசனம் இல்ல, அது ஏற்கனவே செத்த கட்டை. உப்பு கொட்டாதீங்க, மண்ணு கெட்டுப்போகும். மண்ணெண்ணெய் ஊத்தி கொளுத்தவும் வேணாம், வேர் வழியா கனல் உள்ளுக்குள்ள போயி எங்கேயோ ஒரு எடத்துல வெளிய வரும்.

அரைக்கிறதுன்னா

ஸ்டம்ப் கிரைண்டர்னு ஒரு மெஷின், கார்பைட் பல்லு வச்ச சில்லு வேகமா சுத்தி பக்கவாட்டுல போயி வந்து கட்டையை செதுக்கி எடுக்கும். தரைக்கு கீழ சாதாரணமா ஆறுல இருந்து பன்னெண்டு அங்குலம் வரைக்கும் போகலாம், பக்க வேர் எல்லாம் அப்படியே கெடக்கும். நம்ம பக்கம் லேசுல கெடைக்காது, கெடைச்சாலும் சரிவுல அந்த பாரத்தை நிப்பாட்டுறது ஆபத்து, கல்லுக்கட்டுக்கு பக்கத்துலயும் வேணாம். முத்தத்துக்கு கொங்ரீட் போடவோ கரட் பாத்தி எடுக்கவோன்னா நல்ல சாமான்தான். குழியை விட தூள் கூடுதலா குவியும், அதை அப்படியே குழியில தள்ளி மூடிடாதீங்க, உக்க உக்க தரை எறங்கும், உக்குறதுக்காக மண்ணுல உள்ள நைதரசனையும் இழுத்துக்கும், அப்புறம் கரட் இலை மஞ்சளாயிடுச்சின்னு யூரியாவை கொட்டிக்கிட்டு இருக்கணும். தூளை வழியில பரப்பிட்டு குழிக்கு மண்ணு போட்டு மிதிச்சி கெட்டியாக்குங்க.

தேயிலைக்கு நடுவுல நிக்கிற கட்டை

இது வேற கணக்கு. நெழல் மரத்தை பச்சையா வெட்டுனா வேர்ல இருக்கிற மாச்சத்தை தின்னு வேரழுகல் பூசணம் வளரும், அப்புறம் அது வேர் வழியா தேயிலைக்கு ஏறும். அதுக்குத்தான் வெட்டுறதுக்கு முன்னுக்கே அடியில பட்டையை வளையமா உரிச்சி விட்டு, மரம் காஞ்ச பிறகு சாய்க்கிறது. வீட்டுக்கு பக்கத்துல இதை செஞ்சிடாதீங்க, காஞ்ச மரம் எந்த காத்துக்கு விழும்னு சொல்ல ஏலாது.

நோய் புடிச்ச கட்டைன்னா மட்டும் தரையோட அறுக்குறதும் சரிவராது, அரைக்கிறதும் சரிவராது. அரைச்சா நோய் தூளோட பரவும், பக்க வேரும் மண்ணுலயே கெடக்கும். பட்டைக்கு கீழ வெள்ளையா விசிறி மாதிரி பூசணம் இருந்தா, இல்ல அடியில கரி பூசுன மாதிரி பொருக்கு இருந்தா, பிக்காசு போட்டு பென்சில் தடிப்பு வேர் வரைக்கும் தேடி எடுத்து அங்கேயே எரிச்சிடுங்க. வேரை வெளிய எடுத்து வச்சி எரிக்கணும், குழிக்குள்ள விட்டு கொளுத்துறது இல்ல. அப்புறம் அந்த எடத்துல, மண்ணை தேத்த தோட்டத்துல வைக்கிற குவாத்தமாலா புல்லை வச்சி ஒண்ணரை ரெண்டு வருஷம் விடுங்க. தேயிலை கன்னு அதுக்கு பிறகுதான்.