அடுத்த வருஷத்துக்கு ஏழு போர்வையா?

டிசம்பர் பிறந்தால் என்னிடம் தையல் பழக வரும் பெண்கள் நோட்டும் கையுமாக வருவார்கள். அடுத்த வருஷம் என்னென்ன தைக்கப் போகிறோம் என்ற பட்டியல். போன சனிக்கிழமை வந்த பட்டியலில் ஏழு குயில்ட் போர்வை, வங்காளக் காந்தா தையலில் இரண்டு துப்பட்டா, கொலுவுக்குப் பின்னால் தொங்கவிட ஒரு திரை. எழுதியவளுக்கு இரண்டு பிள்ளைகள், முழுநேர வேலை, ஊசி பிடித்து ஐந்து மாதம். நான் சிரிக்கவில்லை. என் பழைய நோட்டில் 2018 ஜனவரிப் பக்கத்தில் ஆறு போர்வை எழுதியிருக்கிறது.

மொக்கைக் கத்தரி, நூலில் விழும் சிக்கல், கால் அங்குலத் தையல் ஓரம் கோணுவது, இவற்றை விட்டுவிடுகிறேன். ஒரு மாதத்தில் கையே திருத்திக்கொள்ளும். திட்டம் போடும்போதே செய்துவிட்டு, ஆகஸ்ட் வாக்கில்தான் தெரியவரும் தவறுகளைப் பற்றித்தான் சொல்ல நினைக்கிறேன்.

மேல்துணியோடு கணக்கை முடிப்பது

குயில்ட் என்றால் மூன்று அடுக்கு. மேலே துண்டுகளை இணைத்த மேல்துணி, நடுவே பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி. மூன்றையும் சேர்த்துப் பிடித்து முழுக்க ஓட்டுத் தையல் போட்டு, ஓரத்தில் பட்டி வைத்து ஹெம்மிங் முடித்தால்தான் போர்வை. புதிதாகத் தைப்பவர்களின் பட்டியலில் இருப்பதோ மேல்துணி மட்டும். நிறம், டிசைன், ஆசை எல்லாம் அங்கேதானே இருக்கின்றன? மெஷின் இருந்தால் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மேல்துணி தயார். அந்த வேகத்தைப் பார்த்துவிட்டு மனசு மாதம் ஒன்று என்று கணக்குப் போட்டுவிடுகிறது.

மூன்று அடுக்கையும் கையால் ஓட்டித் தைக்கும் கணக்கு வேறு. 60 அங்குல அகலம், 90 அங்குல நீளம், ஒற்றைக் கட்டில் போர்வை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு அங்குலத்துக்கு ஒரு கோடாகக் கட்டம் கட்டமாகத் தைக்கிறீர்கள். நீளவாட்டில் 30 கோடு, ஒவ்வொன்றும் 90 அங்குலம்: 2,700. அகலவாட்டில் 45 கோடு, ஒவ்வொன்றும் 60 அங்குலம்: அதுவும் 2,700. மொத்தம் 5,400 அங்குலம், அதாவது 150 கஜம். ஆறு கஜப் புடவை இருபத்தைந்தை முந்தியோடு முந்தி சேர்த்து வரிசையாக விரித்து, அவ்வளவு தூரமும் ஊசியாலேயே நடக்க வேண்டும்.

ஊசி கோப்பது, முடிச்சைப் பஞ்சுக்குள் இழுத்து மறைப்பது, நடுவில் எழுந்துபோய்க் குக்கரை அணைப்பது எல்லாம் சேர்த்து, புதுக் கைக்கு ஒரு கஜத்துக்கு அரை மணி நேரம் ஆகும். ஆக 75 மணி நேரம். வாரத்தில் நான்கு நாள், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அரை மணி என்றால் வாரத்துக்கு இரண்டு மணி நேரம். முப்பத்தேழரை வாரம். பொங்கலுக்குத் தொடங்கினால் நவராத்திரிக்குக் கிட்டத்தில் முடியும், நடுவில் கல்யாணம், காய்ச்சல், பிள்ளைகளின் பரீட்சை எதுவும் வராவிட்டால்.

தையலை இன்னும் தள்ளித் தள்ளிப் போட்டால் போச்சு என்பார்கள். பஞ்சு விரிப்பின் உறையைப் படியுங்கள். எத்தனை அங்குலத்துக்குள் தையல் விழ வேண்டும் என்று அதிலேயே போட்டிருக்கும். சிலவற்றுக்கு எட்டு, பத்து அங்குலம் வரை தாங்கும். சிலவற்றுக்கு மூன்று, நான்குதான். மீறினால் நாலு சலவையில் பஞ்சு நகர்ந்து கட்டி கட்டியாகத் திரளும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், 2018-ல் மார்ச்சுக்குள் நான்கு மேல்துணிகளை மெஷினில் தைத்து அடுக்கிவிட்டு ஊரெல்லாம் பெருமை பேசியவள் நான். அவற்றில் ஒன்று என் தங்கையின் பேரக்குழந்தைக்கு. மெல்லிய மஞ்சள் மல்மல் துணி, நடுவில் அம்மாவின் பழைய சுங்குடிப் புடவையிலிருந்து வெட்டி வைத்த ஒரு பூ. ஜூலையில் வளைகாப்பு என்றார்கள். ஜூலையும் வந்தது. நான்கில் ஒன்றுகூடப் பஞ்சைக் கண்ணால் பார்க்கவில்லை. விசேஷத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது, மெத்தை உறை தைக்கும் ஒருவரிடம் கொண்டுபோய், மெஷினிலேயே ஓட்டித் தாருங்கள் என்று கொடுத்தேன். மூன்று அடுக்கையும் முதலில் பெரிய தையலாக நூல் ஓட்டி நிறுத்திக் கொடுத்திருக்க வேண்டும். அதற்கும் பொறுமை இல்லை. நாலு பக்கமும் குண்டூசி குத்திக் கொடுத்தேன்.

வந்ததை விரித்துப் பார்த்தால், அடித்துணி பதினோரு இடத்தில் மடிந்து தையலுக்குள் மாட்டியிருந்தது. மேல்துணி ஒரு பக்கமாக இழுபட்டு, வட்டமாக இருந்த பூ கோழிமுட்டை மாதிரி ஆகியிருந்தது. அவரைக் குறை சொல்ல வாயில்லை. நான் கொடுத்த அவகாசம் அப்படி. தையலைப் பிரிக்க மூன்று வாரம் பிடித்தது. பிரித்த மல்மலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் சல்லடை. துணி, பஞ்சு, கூலி என்று மூவாயிரத்துச் சொச்சம். அது போகட்டும். அம்மாவின் அந்தப் புடவையில் கிழியாமல் இருந்ததே அந்த ஒரு பக்கம்தான். வளைகாப்புக்குக் கடையில் வாங்கிய டவல் செட்டைக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தப் பையன் இப்போது ரெண்டாம் வகுப்பு படிக்கிறான்.

எழுதும்போதே எரிச்சல் வருகிறது. அதைவிட எரிச்சல், அப்போதும் எனக்கு விஷயம் புரியவில்லை என்பது. ‘நேரம் கிடைக்கல’ என்று சொல்லிக்கொண்டு 2019-க்கும் ஐந்து போர்வை எழுதினேன்.

பழைய காலத்துப் போர்வைகளில் இந்தச் சிக்கலே கிடையாது. வங்காளத்துக் காந்தாவில் நைந்த புடவைகளை அடுக்கி, நேரே தைக்க உட்கார்ந்துவிடுவார்கள். நூலைக்கூடப் பழைய புடவைக் கரையிலிருந்து உருவிக்கொள்வது வழக்கம். கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்துச் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவண்டி இன்னும் அழகு. அடியில் ஒரு புடவையை விரித்து, ஓரத்திலிருந்து ஒவ்வொரு துண்டாக வைத்து, தைத்தபடியே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். இணைப்பதும் தைப்பதும் ஒரே வேலை. பாதியில் நின்றால் பாதிப் போர்வை என்று பார்த்தாலே தெரியும். நமக்கோ மேல்துணியை மடித்து பீரோவில் வைத்ததுமே முடித்துவிட்ட திருப்தி.

அதனால் பட்டியலுக்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு முழத் துணியில் மூன்று அடுக்கும் வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மொத்தம் ஒரு கஜம் வரும்படி கோடு கோடாகத் தையுங்கள். எத்தனை நிமிடம் ஆனது என்பதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். அப்புறம் ஒவ்வொரு போர்வைக்கும் எதிரே அதன் கஜம். சனிக்கிழமை வந்தவளின் ஏழையும் கூட்டிப் பார்த்தோம். 800 கஜத்தைத் தாண்டியது. கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “அக்கா, இதுல நாலைத் தலையணை உறையா மாத்திடலாமா?” என்றாள்.

தாராளமாக.

துவைக்கிற நாளை எழுதாமல் விடுவது

துணி வாங்கும் நாள் இருக்கும், வெட்டும் நாள் இருக்கும். நடுவில் ஊறப்போட்டு, அலசி, காயவைத்து, இஸ்திரி போடும் நாள் எந்த நோட்டிலும் இருக்காது. பருத்தித் துணி முதல் சலவையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்குவது சாதாரணம். 90 அங்குலத்தில் நாலு அங்குலம் அப்படியே காணாமல் போகும். துவைத்த துணியையும் துவைக்காத துணியையும் ஒரே போர்வையில் இணைத்தால், ஒன்று இழுக்க ஒன்று உப்பும்.

சாயத்துக்கும் இதே நாள்தான். ஒரு துண்டை வெள்ளைக் கிழிசலோடு வெந்நீர் டம்ளரில் கால் மணி நேரம் போட்டு வையுங்கள். சிவப்பும் கருநீலமும் யார் என்று காட்டிவிடும். ஒரு காலத்தில் அமெரிக்காவில் மெட்ராஸ் கட்டம் போட்ட சட்டைகள் துவைக்கத் துவைக்கச் சாயம் போனபோது, ‘சாயம் போவது உத்தரவாதம்’ என்று அதையே விளம்பரமாக்கி விற்றார்கள். சட்டைக்குச் சரி. வெள்ளை மல்மலுக்குப் பக்கத்தில் உட்காரப்போகும் துணிக்கு அந்தச் சாமர்த்தியம் உதவாது.

இதை ஐப்பசி, கார்த்திகையில் வைத்துக்கொள்ளாதீர்கள். அடைமழையில் பத்து மீட்டர் துணியைக் கொடியில் போட்டு, மூன்றாம் நாள் மக்கின வாசனையோடு எடுத்த அனுபவம் எனக்கு உண்டு. மாசி, பங்குனி வெயில்தான் சரி. சாயத் துணியை நிழலில் போடுங்கள்.

அடித்துணிக்குப் பெட்ஷீட் வாங்குவது

அகலம் ஒட்டில்லாமல் கிடைக்கிறது, விலையும் சல்லிசு என்று வாங்குவார்கள். நெருக்கமாக நெய்த பெட்ஷீட்டில் மெஷின் ஊசி போகும், கை ஊசி போகாது. ஒவ்வொரு தையலுக்கும் ஊசியைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கும். நாலாம் நாள் கட்டைவிரல் வீங்கும். உங்கள் அரை மணி நேரக் கஜம் ஒரு மணி நேரமாகிவிடும். காடா துணி நல்லது, பழைய பருத்திப் புடவை அதைவிட நல்லது. கடையில் சந்தேகம் வந்தால், ஓரத்தில் ஊசியைக் குத்திப் பார்க்கக் கேளுங்கள். முறைப்பார்கள், பரவாயில்லை.

பெரிய போர்வையை மே மாதத்தில் வைப்பது

அக்னி நட்சத்திரத்தில் பஞ்சுப் போர்வையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். வியர்வையில் ஊசி வழுக்கும், துருவும் பிடிக்கும், வெள்ளைத் துணியில் விரல் அழுக்கு. வெயில் காலத்துக்குக் கையடக்கமான வேலை: காகித அச்சில் அறுகோணத் துண்டுகளைக் கட்டி வைப்பது, பூ வெட்டி ஒட்டுத்தையல் போடுவது. கார்த்திகையிலிருந்து மாசி வரை மடிப்போர்வைக் காலம். அப்போது தைக்கவும் சுகம், கால் குளிருக்கும் ஆச்சு.

முழுப் போர்வைக்கும் ஒரே நாளில் கோடு போடுவது

தையலுக்கு அடையாளமாகப் போடும் கோடு ஆறு மாதம் அழியாமல் நிற்காது. ஒரு கை எட்டும் தூரம் வரை போடுங்கள், போதும்.

நூலை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்பது

அப்போது அந்த நிறம் இருக்காது.

பழைய பாக்கியைப் பட்டியலில் சேர்க்காதது

2018-ன் நான்கில் மூன்று மேல்துணிகள் மிச்சம் இருந்தன. ஒன்றை வெள்ளிமீன் பூச்சி அரித்துவிட்டது. ஒன்றில் மடித்த இடமெல்லாம் பழுப்பேறி, எத்தனை ஊறவைத்தும் போகவில்லை, பைகளாக வெட்டிவிட்டேன். நீலக் கட்டம் போட்டது மட்டும் தப்பியது. அடுத்த வருஷத்துக்கு என் நோட்டில் ஒரே வரிதான்: நீலக் கட்டம், 118 கஜம். நேற்று ராத்திரி கூடத்துத் தரையில் விரித்து மூன்று அடுக்கையும் நூல் ஓட்டி நிறுத்தினேன். முட்டி இன்னும் வலிக்கிறது.