முழுவீட்டு விசிறி ஓடியும் தணியாத புழுக்கம்

கலிபோர்னியாவின் சாக்ரமென்டோவில் கோடைப் பகல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலும், மாலைக்குப்பின் ‘டெல்டா காற்று’ எனப்படும் குளிர்ந்த கடற்காற்று வீசினால் இரவு குளிர்ந்துவிடும். அந்தக் காற்றைச் சன்னல் வழியே உள்ளிழுத்து, வீட்டின் வெப்பத்தைக் கூரைக்கடியிலுள்ள பரண் வழியாக வெளியேற்றுவதே முழுவீட்டு விசிறியின் வேலை. எங்கள் விசிறி இரைச்சலோடு ஓடியும் புழுக்கம் தணியவில்லை. கூடுதலாகச் சன்னல்களைத் திறந்ததும், மோட்டாரைச் சோதித்ததும் பயன்படவில்லை.

விசிறி ஓடும்போது மட்டும் கூரை விளக்குகளின் ஓரத்திலிருந்து தூசி மணத்தோடு வெப்பக் காற்று இறங்குவதைக் கவனித்த பிறகுதான், வெளியே சென்று, பரண் காற்று வெளியேறும் இறவாரத் (கூரை விளிம்பின் அடிப்பகுதி) துளைகளில் மெல்லிய காகிதத்தைப் பிடித்துப் பார்த்தேன். வெளிநோக்கிப் பறக்க வேண்டிய அது அசையவே இல்லை. பரணில் கொட்டியிருந்த வெப்பத்தடுப்புப் பஞ்சு துளைகளை உள்ளிருந்து மூடியிருந்ததால், வெப்பக் காற்று வெளியேற வழியின்றி வீட்டுக்குள்ளேயே திரும்பியது.

நிமிடத்துக்கு 750 கன அடி காற்றுக்குப் பரணில் ஒரு சதுர அடி திறப்பு தேவை என்பது பொதுக் கணக்கு; எங்கள் 3000 கன அடி விசிறிக்கு, வலை மறைக்கும் பரப்பு நீங்கலாக, 4 சதுர அடி வேண்டும். பஞ்சை விலக்கித் தடுப்புத் தகடுகள் பொருத்தி, கூரைச் சரிவுகளுக்கு இடையிலுள்ள முக்கோணச் சுவரில் பெரிய திறப்பும் வைத்தபின் அன்றிரவே வீடு குளிர்ந்தது. எரிவாயு வெந்நீர்க் கலன் உள்ளவர்கள் சன்னலைத் திறந்த பின்னரே விசிறியை இயக்க வேண்டும். இல்லையேல் கலனின் எரிவாயுப் புகை வீட்டுக்குள் திரும்பும்.