க்ரூஸரிலிருந்து ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு மாறுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

14 வருடம் ராயல் என்ஃபீல்டின் தண்டர்பேர்டு என்ற க்ரூஸரை ஓட்டிய பிறகு எனக்கு ஸ்போர்ட்ஸ் பைக் ஆசை வந்தது. ஷோரூமில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன், தெருவில் ஒரு சுற்று வந்தேன், அடுத்த வாரம் வண்டி வாசலில் நின்றது. முதல் ஞாயிற்றுக்கிழமை ஈசிஆரில் புதுச்சேரிக்குக் கிளம்பினேன். மாமல்லபுரம் தாண்டுவதற்குள் இரண்டு உள்ளங்கைகளும் மரத்துப்போயின. கல்பாக்கம் பக்கம் டீ குடிக்க இறங்கியபோது கழுத்தைத் திருப்ப முடியவில்லை. வண்டியில் எந்தக் குறையும் இல்லை. எனக்குப் பொருந்தாத வண்டியை நான் தேடிப் பிடித்திருந்தேன். எட்டு மாதத்தில் நஷ்டத்துக்கு விற்றேன்.

நான் செய்த முதல் தவறு, சொகுசு என்றால் க்ரூஸரில் எது சொகுசோ அதுதான் என்று நினைத்தது. க்ரூஸரில் கால் முன்னால் நீண்டிருக்கும், முதுகு நிமிர்ந்திருக்கும், கைப்பிடி நம்மைத் தேடி வரும். உடம்பின் எடை முழுக்க இடுப்புக்குக் கீழே சீட்டில் இறங்கிவிடும். ஸ்போர்ட்ஸ் பைக்கில் கால் இடுப்புக்கு நேர் கீழேயோ சற்றுப் பின்னாலோ போகிறது, நெஞ்சு முன்னால் சாய்கிறது. அந்த எடையைத் தொடையும் வயிறும் முதுகும் தாங்க வேண்டும். டேங்கை முட்டியால் கவ்விப் பிடித்தால்தான் அது நடக்கும். க்ரூஸர்காரர்களுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. அதனால் முழு பாரமும் மணிக்கட்டில் வந்து விழுகிறது.

எனவே ஷோரூமில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். அங்கே எல்லா வண்டியும் நன்றாகத்தான் இருக்கும். நண்பர் ஒருவரை வண்டியை நேராகப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு காலையும் ஃபுட்பெக்கில் (கால் வைக்கும் கட்டையில்) வைத்து, முட்டியால் டேங்கைக் கவ்வி, ஓட்டும் நிலையில் சாயுங்கள். இப்போது இரண்டு கையையும் கைப்பிடியிலிருந்து ஓர் அங்குலம் தூக்குங்கள். அரை நிமிடம் அப்படியே நிற்க முடிந்தால் அந்த வண்டி உங்களுக்குப் பொருந்த வாய்ப்பு இருக்கிறது. உடனே முன்னால் விழப் பார்த்தால், கைப்பிடி உங்களுக்கு மிகவும் தாழ்வாக இருக்கிறது. இதில் தேறினாலும், முடிந்தால் அதே மாடலை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து 100 கிலோமீட்டராவது ஓட்டிப் பாருங்கள். வாடகை வீண்செலவு என்று வீட்டில் சொல்வார்கள். நான் இழந்த தொகையோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறியது.

ஃபேரிங் (காற்றைக் கிழிக்க முன்னாலும் பக்கத்திலும் மூடும் உறை) போட்ட வண்டி எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பது அடுத்த தவறு. கிளிப்-ஆன் கைப்பிடி, அதாவது இடம், வலம் என்று தனித்தனியாக மாட்டியிருக்கும் கைப்பிடி, ஃபோர்க்கின் (முன் சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாயின்) மேல் தட்டுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சில அங்குல வித்தியாசம்தான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. யமஹா ஆர்15, கேடிஎம் ஆர்சி 390 போன்றவை ரேஸ் டிராக்கை மனதில் வைத்துக் குனிய வைப்பவை. சுசூகி ஜிக்ஸர் எஸ்எஃப் 250, பஜாஜ் பல்சர் ஆர்எஸ்200, 2023-ல் வந்த ஹீரோ கரிஸ்மா எக்ஸ்எம்ஆர், கவாஸாகி நிஞ்ஜா 300 ஆகியவற்றில் கைப்பிடி உயர்ந்தே இருக்கும். பார்ப்பதற்கு ரேஸ் பைக்தான், ஆனால் உட்கார்ந்தால் முதுகு அவ்வளவு வளையாது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. நெடுஞ்சாலையில் 90, 100 வேகத்தில் எதிர்காற்று நெஞ்சைத் தூக்கிப் பிடிக்கும், மணிக்கட்டின் பாரம் குறையும். வடபழனி சிக்னலில் அந்தக் காற்று கிடையாது. தாழ்ந்த கைப்பிடியின் முழு வேதனையும் ஊருக்குள்தான். கூடவே, எஞ்சினைத் திரவத்தால் குளிர்விக்கும் லிக்விட் கூலிங் வண்டி என்றால் ரேடியேட்டர் ஃபேன் சுழல ஆரம்பித்ததும் சூடான காற்று தொடையில் அடிக்கும். சித்திரை மாதத்தில் அது லேசான விஷயம் இல்லை. உங்கள் ஓட்டத்தில் ஊருக்குள் எவ்வளவு, வெளியில் எவ்வளவு என்று நேர்மையாகக் கணக்குப் போடுங்கள்.

சீட் உயரத்தை வெறும் எண்ணாகப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். க்ரூஸர்களில் ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350-ன் சீட் 765 மில்லிமீட்டர், பஜாஜ் அவெஞ்சரில் 737. நிஞ்ஜா 300 வெறும் 780, ஆர்15-ன் நான்காம் பதிப்பு 815, 2022 முதல் வந்த ஆர்சி 390-ல் 835. ஸ்போர்ட்ஸ் சீட் முன்பக்கம் ஒடுங்கியிருப்பதால் கால் நேராகக் கீழே இறங்கும். எண் சொல்வதைவிடத் தரை பக்கமாகவே இருக்கும். மீட்டியார் 191 கிலோ, ஆர்15 அதைவிட ஏறக்குறைய 50 கிலோ குறைவு. ஒரு காலின் முன்பாதம் நன்றாக ஊன்றினால் போதும். உயரத்தைவிட முட்டி மடங்கும் கோணத்தைத்தான் பார்க்க வேண்டும். 40 வயதைத் தாண்டியவர்கள், முட்டி வலி உள்ளவர்கள் இதில் சமாதானம் செய்துகொள்ளவே கூடாது. மெத்தென்ற சீட்டைத் தேடுவதும் பழைய பழக்கம்தான். மெத்தை அமுங்கி உட்கார்ந்துவிட்டால், உடம்பை முன்னே பின்னே நகர்த்த முடியாமல் ஒரே இடத்தில் வலிக்கும்.

எஞ்சின் விஷயத்தில் எண்கள் நன்றாகவே ஏமாற்றும். மீட்டியாரின் டார்க், அதாவது எஞ்சினின் சுழற்று விசை, 27 நியூட்டன் மீட்டர். ஓசூரில் தயாராகி 2017-ல் வெளிவந்த முதல் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 ஸ்போர்ட்ஸ் பைக்கின் டார்க் 27.3. ஏறக்குறைய ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் மீட்டியார் அதை 4,000 ஆர்பிஎம்மிலேயே (எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 முறை சுழலும்போதே) கொடுத்துவிடும், ஆர்ஆர் 310 அதை 7,700-ல்தான் கொடுக்கும். நான்காவது கியரில் 35 வேகத்தில் டுக் டுக் என்று போய்ப் பழகியவர் இதில் அப்படிப் போனால் எஞ்சின் திணறும், செயின் உதறும். உடனே "இழுவையே இல்லை" என்று வண்டியைக் குறை சொல்வார். கியரைக் குறைத்து எஞ்சினைச் சுழலவிட வேண்டும். அப்படி ஓட்டுவது உங்களுக்குப் பிடிக்காது என்றால், இரட்டை சிலிண்டர் நிஞ்ஜா 650 போன்ற பெரிய எஞ்சின் பக்கம் பாருங்கள். அது 6,700 ஆர்பிஎம்மில் 60 நியூட்டன் மீட்டருக்கு மேல் தருகிறது. அந்த உச்சத்துக்கு வெகு கீழேயே நல்ல இழுவை உண்டு.

அதற்குப் பணம் வேண்டும் என்பதும் உண்மை. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம். மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணமும் 350 சிசியைத் தாண்டினால் கூடுகிறது. நிறுத்திய இடத்தில் வண்டி சாய்ந்தாலே ஃபேரிங் கீறும், உடையும். க்ரூஸரில் கிராஷ் கார்டு (எஞ்சினைச் சுற்றிய பாதுகாப்புக் கம்பி) தாங்கிக்கொண்டதை இங்கே உங்கள் பாக்கெட் தாங்க வேண்டும்.

கை, கால் பழக்கங்களையும் மாற்ற வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். முதல் வாரம் என் கால் எஞ்சினுக்கு முன்னால் காற்றில் ஃபுட்பெக்கைத் தேடியது. குதிகாலால் கியர் போடும் வசதி இங்கே இல்லை. பின் பிரேக்கை மட்டும் நம்பி ஓட்டியவர்கள் கட்டாயம் மாற வேண்டும், ஏனென்றால் பிரேக் பிடிக்கும்போது எடை முன் சக்கரத்துக்குப் போகிறது. முன் பிரேக்கைப் படிப்படியாக அழுத்தக் காலி மைதானத்தில் பழகுங்கள். குறுகிய தெருவில் யூ-டர்ன் எடுக்கும்போது கைப்பிடி முழுதாகத் திரும்பாது, கட்டைவிரல் டேங்கில் இடிக்கும். டெஸ்ட் ரைடிலேயே ஒரு யூ-டர்ன் போட்டுப் பாருங்கள்.

பின்னால் உட்காருபவரைக் கேட்காமல் வாங்குவதுதான் வீட்டில் அதிகம் சண்டை வரவைக்கும் தவறு. தண்டர்பேர்டில் சாய்மானத்தோடு உட்கார்ந்து வந்த என் மனைவிக்கு, உயரத்தில் ஒட்டியிருந்த அந்தச் சின்னத் துண்டு சீட் பயத்தைத்தான் கொடுத்தது. பிரேக் போட்டால் அவள் எடையும் சேர்ந்து என் மணிக்கட்டில் இறங்கியது. இரண்டாவது முறை வாங்கப் போனபோது அவளையும் டெஸ்ட் ரைடுக்குக் கூட்டிப் போனேன். மூன்று வண்டிகளில் இரண்டை அவள்தான் வேண்டாம் என்றாள்.

வாங்கிய முதல் மாதத்தில் நீண்ட பயணம் போடாதீர்கள். 30 கிலோமீட்டர், 50, 80 என்று கூட்டிக்கொண்டே போங்கள். வீட்டில் பிளாங்க் பயிற்சி செய்தால் வயிறும் முதுகும் சீக்கிரம் பழகும். பழைய க்ரூஸரை இரண்டு மாதம் விற்காமல் வைத்திருங்கள். கைப்பிடி உயர்ந்த என் 250 சிசி வண்டியில் அதே ஈசிஆரில் புதுச்சேரி போக எனக்கு ஆறு வாரம் ஆனது. இந்த முறை மரக்காணத்தில்தான் டீக்கு நிறுத்தினேன், கழுத்து தாராளமாகத் திரும்பியது.