புறக்கோட்டையில் படம் பிடிக்கப் பழகுவது எப்படி?

முதல் ஆறு மாதமும் நான் கொழும்பின் கடைத்தெருவான புறக்கோட்டையிலிருந்து கொண்டுவந்ததெல்லாம் முதுகுகள்தான். சுமை தூக்கும் நாட்டாமி ஒருவர் மூட்டை ஏற்றிய கைவண்டியை இழுத்துக்கொண்டு வருவார். கமராவைத் தூக்குவதற்குள் தாண்டிப் போய்விடுவார். பின்னால் ஓடினால் முதுகு, அதுவும் ஆடிப்போன முதுகு. புதிதாகக் கமரா வாங்கியவர்கள் இந்த ஆறு மாதத்தை மிச்சம் பிடிக்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் நேரம். காலை ஏழிலிருந்து எட்டரைக்குள் போய்விடுங்கள். கொழும்பில் நண்பகல் வெயில் உச்சந்தலையில் விழும், கண்கள் இருக்கிற இடத்தில் இரண்டு கறுப்புக் குழிதான் மிஞ்சும். ஏசி அறையிலிருந்து புறப்படுகிறவர்கள் கமராவைப் பையிலேயே மூடி வைத்திருங்கள். வெளியே எடுத்த உடனே லென்ஸில் ஆவி படியும். துடைத்தாலும் திரும்பப் படியும், சூடு ஏறும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். நல்ல வெளிச்சத்தில் கால் மணித்தியாலம் சும்மா நின்று பல்லைக் கடித்தவன் சொல்கிறேன்.

அடுத்தது செட்டிங். ஷட்டர், அதாவது கமரா கண் திறந்திருக்கும் நேரம், 1/250 வினாடி என்றால் நடக்கிற ஆளுக்குப் போதும். கடலோரக் காலிமுகத்திடலில் பட்டத்தோடு ஓடும் பிள்ளைகளுக்கு 1/500 அல்லது அதைவிட வேகமாக வையுங்கள். நிழலான தெருவில் லென்ஸின் துவாரத்தை எஃப்/8 என்று சிறிதாக வைத்தால், ஐஎஸ்ஓ என்கிற ஒளியுணர்திறன் 800 தொடக்கம் 1600 வரை தேவைப்படும். படத்தில் புள்ளி புள்ளியாக வருகிறதே என்று பயப்பட வேண்டாம். புள்ளியுள்ள படத்தைப் பார்க்கலாம், ஆடிய படத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கமராவோடு சேர்ந்து வரும் சாதாரண கிட் லென்ஸ் என்றால் 18 மில்லிமீற்றரில் வைத்து, ஃபோகஸைக் கையால் சுமார் இரண்டு மீற்றரில் நிறுத்திவிடுங்கள். எஃப்/8இல் ஒரு மீற்றருக்கு அப்பால் எல்லாமே ஏறக்குறைய தெளிவாக விழும். கமரா ஃபோகஸ் தேடித் திண்டாடும் அந்த அரை வினாடிதான் எனக்கு முதுகுகளைத் தந்தது.

சரி, இப்போது முக்கியமான வேலை: ஓடாதீர்கள். பின்னணியை முதலில் பிடியுங்கள், ஆள் தானாக வருவார். இரண்டாம் குறுக்குத் தெருவில் 1909இல் கட்டி முடித்த சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல் இருக்கிறதல்லவா, அந்தச் சிவப்பு வெள்ளைக் கோடுகளுக்கு எதிரே ஓரமாக நின்றுகொள்ளுங்கள். கோபுரத்தையே படம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம், அது ஆயிரம் பேரிடம் இருக்கிறது. கோடு போட்ட சுவருக்கு முன்னால் யார் வருகிறார் என்று பாருங்கள். அரை மணித்தியாலம் ஒன்றுமே நடக்காது. பிறகு பிளாஸ்டிக் வாளிகளைத் தலைக்கு மேல் அடுக்கிக்கொண்டு ஒருவர் வருவார், அதே நொடியில் ஓட்டோ ஒன்று குறுக்கே நிற்கும். கெட்ட வார்த்தை வாய்க்குள்ளேயே இருக்கட்டும், அடுத்த ஆள் வருவார்.

நீலத் தறப்பாளின் கீழ் நிற்பவர்களைக் கவனம். தறப்பாளின் நிறம் முகத்தில் இறங்கி, நல்ல சுகமாயிருக்கிற மனுசரையும் காய்ச்சல்காரர் மாதிரி ஆக்கிவிடும். ஓரடி நகர்ந்து, வெளி வெளிச்சம் அவர் கன்னத்தில் விழுகிற பக்கமாகப் போங்கள்.

கிட்டத்தில் எடுப்பதென்றால் கேட்டுவிடுங்கள். "நானா (அண்ணன்), ஒரு படம் எடுக்கட்டா?" என்றால் பெரும்பாலும் தலையாட்டுவார்கள். உடனே விறைத்து நின்று போஸ் கொடுப்பார்கள், அதுதான் சோதனை. அந்தப் படத்தையும் எடுத்து, நன்றி சொல்லி, ஒரு பிளேன்டீ வாங்கிக் குடியுங்கள். அவர் உங்களை மறந்து வெங்காயம் நிறுக்கத் தொடங்கும்போது உங்கள் படம் வரும். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். துறைமுகப் பக்கமும் காவலரண்களும் வேண்டவே வேண்டாம். வானத்தைத்தான் எடுத்தேன் என்று ஒரு காவலாளியிடம் நான் விளக்கிய கதை நீளம்.

வீட்டுக்கு வந்ததும் அழிக்கத் தொடங்காதீர்கள், இரண்டு நாள் போகட்டும். இருநூறில் மூன்று தேறினால் எனக்கு அது நல்ல காலை. தேறியதில் ஒன்றை அச்சடித்து, எடுத்த ஆளிடமே கொண்டுபோய்க் கொடுங்கள். நான் முதலில் கொடுத்தது தேசிக்காய் விற்கிற ஒரு நானாவுக்கு. நெடுநேரம் உற்றுப் பார்த்தார். "தராசு நல்லா விழுந்திருக்கு தம்பி" என்றார்.