மூக்குக் குழாயால் பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது

வீட்டில் குழாயால் பால் கொடுக்கிற பெரும்பாலானோருக்குப் பால் விடுவதில்தான் பயம். அதற்கு முந்தின இரண்டு நிமிடம்தான் முக்கியம்: குழாயின் நுனி இரைப்பையில் கிடக்கிறதா?

கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். மூக்கோரத்தில் வார்ட்டில் போட்டுவிட்ட அடையாளம் நகர்ந்திருக்கக்கூடாது. சிரிஞ்சால் மெதுவாக இழுத்து, வருவதில் ஒரு துளியை, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். தாளில் விடுங்கள். 5.5 அல்லது அதற்குக் கீழே என்றால் கொடுக்கலாம். வார்ட்டில் வேறு எல்லை சொல்லியிருந்தால் அதுவே கணக்கு. காற்றடித்து வயிற்றில் சத்தம் கேட்கும் பழைய முறையை விட்டுவிடுங்கள். நுனி நுரையீரல் பக்கம் போயிருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கும்.

ஒன்றும் வராவிட்டால் இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்து, 15 நிமிடம் கழித்து இழுத்துப் பாருங்கள். சற்று முன்னர் குடித்த பாலும், அமிலம் குறைக்கும் மருந்தும் பி.எச். அளவைக் கூட்டிக் காட்டும். சந்தேகம் தீராவிட்டால் பால் வேண்டாம், ஆசுபத்திரிக்குக் காட்டுங்கள்.

தலையை 30 முதல் 45 பாகை உயர்த்துங்கள். சிரிஞ்சின் தண்டைக் கழற்றிக் குழாயில் பொருத்தி, குழாயை மடித்துப் பிடித்துக்கொண்டு பாலை ஊற்றி, பிறகு மடிப்பை விடுங்கள். வயிற்றிலிருந்து ஒரு சாண் உயரம் போதும். 20 நிமிடமளவில் தானாக இறங்கட்டும். தண்டால் தள்ளினால் வாந்திதான். முடிந்ததும் கொதித்தாறிய நீர் 3 முதல் 5 மி.லீ. விடுங்கள், குறைமாதப் பிள்ளைக்கு வார்ட்டில் சொன்ன அளவு மட்டும். அரைமணி நேரம் தலை உயர்ந்தே இருக்கட்டும்.

கறந்த தாய்ப்பால் அறையில் 4 மணி நேரம் தாங்கும் என்பது 25 பாகை வெப்பத்துக்கான கணக்கு. திருகோணமலை வெயிலில் அதை நம்பவேண்டாம்: தேவையானதை மட்டும் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுங்கள், மிஞ்சியதை வெளியே கொட்டிவிடுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வியர்வையில் பிளாஸ்டர் கழன்றுவிடும். மாற்றும்போது ஒருவர் குழாயை மூக்கோடு பிடித்திருக்க வேண்டும். கன்னம் நன்றாகக் காய்ந்த பிறகே புதியதை ஒட்டுங்கள்.

மருந்தைப் பாலில் கலக்காதீர்கள். முன்னும் பின்னும் நீர் விடுங்கள். அடைத்தால் இளஞ்சூட்டு நீரை மெல்லத் தள்ளி இழுங்கள். சின்னச் சிரிஞ்சால் அழுத்தினால் குழாய் வெடிக்கும்.

இருமல், மூச்சுத்திணறல், உதடு நீலமாதல்: உடனே நிறுத்திக் குழாயை மடித்து, 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். குழாய் கழன்று வந்தால், போடப் பழக்கித் தராதவர்கள் போட முயலவேண்டாம். வெருகல், குச்சவெளி போன்ற தூரப் பக்கத்தார் அடுத்த பால் நேரம் வரை காத்திராமல் அப்போதே புறப்படுங்கள். நெடுநேரம் பாலில்லாவிட்டால் சிசுவுக்கு இரத்தத்தில் சீனி இறங்கிவிடும்.